இடுப்பில் ஒரு ரிவால்வர்: தாராவி அண்ணாச்சியின் உரிமமும் இரண்டு சம்பவங்களும்

இரண்டு சம்பவங்கள். ஒன்று 2022 ஜூலையில் நடந்தது, மற்றது 2024 பிப்ரவரியில். முதலாவதில் என் கட்சிக்காரரிடம் துப்பாக்கி இல்லை. இருந்து, சுட்டிருந்தால் சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம் நின்றிருக்கும். இரண்டாவதில் துப்பாக்கி இருந்தது, உரிமமும் இருந்தது. சட்டம்தான் அவர் பக்கம் இல்லை. தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்று மும்பையில் கடை, காரக்கானா (பட்டறை) நடத்தும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் முழுவதும் இந்த ஒருவருடைய கதையில் அடங்கிவிடுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் மும்பையில் வழக்கறிஞர். முதல் சம்பவத்துக்குப் பிறகு உரிம விண்ணப்பத்தைத் தயாரித்ததும், இரண்டாவதுக்குப் பிறகு போலீஸ் நோட்டீஸுக்குப் பதில் எழுதியதும் நான்தான். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இங்குள்ள தமிழர்கள் எல்லாருக்கும் யாராவது ஓர் அண்ணாச்சி இருப்பார். இவரும் அண்ணாச்சி என்றே இருக்கட்டும்.

முதல் சம்பவம்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எண்பதுகளின் கடைசியில் பம்பாய்க்கு வந்தவர். வீடு செம்பூரில். தாராவியில் தோல் பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் காரக்கானா. சரக்கு கிராஃபோர்டு மார்க்கெட்டுக்கும் குர்லாவுக்கும் தாதருக்கும் போகும். சனிக்கிழமை வசூல். சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான். முப்பது வருஷமாக அதில் மாற்றம் இல்லை. எல்லாக் கடையையும் முடித்துக்கொண்டு, டாக்ஸியில் வந்து 90 அடி சாலையில் இறங்கி, காரக்கானாவுக்குச் சந்து வழியாக நடந்து போவார். அங்கே வாரக்கூலியைப் பட்டுவாடா செய்துவிட்டு, மீதிப் பணத்தோடு வீட்டுக்குப் போவார்.

அன்று மழை. சந்துக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு பைக் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கினான். அண்ணாச்சிக்குப் பின்னாலும் ஒருவன் நடந்து வந்திருக்கிறான்; அதை அவர் கவனிக்கவில்லை. பையின் வாரைக் கத்தியால் அறுத்தார்கள். அவர் கையால் பற்றிக்கொண்டதால் முன்கையிலும் வெட்டு விழுந்தது. பை போன பிறகுதான் ரத்தம் வழிவதே தெரிந்தது என்கிறார். மூன்று லட்சத்துக்கும் மேல் போயிற்று. ஆஸ்பத்திரியில் தையல், போலீஸ் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர்., மறுநாள் பஞ்சநாமா. சில மாதங்களில் இருவரைப் பிடித்தார்கள். பணம் வரவில்லை. ஆனால் ஒரு தகவல் வந்தது: காரக்கானாவில் முன்பு வேலை பார்த்து நின்றுபோன ஒரு பையன்தான் சனிக்கிழமை நேரத்தையும் சந்தையும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இந்தத் தகவலை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தபடியே என்னிடம் சொன்னார்: “வக்கீல் தம்பி, இடுப்புல ஒண்ணு இருந்திருந்தா அவனுவ இப்படித் துணிஞ்சிருக்க மாட்டானுவ.”

இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசின. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இருக்கின்றன, சாரம் மாறவில்லை. உயிர் போகும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்ச வேண்டிய தாக்குதல் நடந்தால், தாக்குகிறவனைக் கொல்லும் அளவுக்கும் அந்த உரிமை நீளும் என்றது பழைய 100ஆம் பிரிவு. கொள்ளை நடக்கும்போது பொருளைக் காப்பதற்கும் அதே அளவு நீளும் என்றது 103. கத்தியோடு வந்து பையைப் பறிப்பது கொள்ளைதான். ஆகவே அந்தச் சந்தில், அந்தக் கணத்தில், அண்ணாச்சிக்குச் சுடும் உரிமை இருந்தது.

ஆனால் பழைய 105ஆம் பிரிவு ஒரு நேர எல்லையைப் போட்டது. கொள்ளையன் காயப்படுத்துகிற வரைக்கும், அல்லது உடனடியாகக் காயப்படுத்துவான் என்ற அச்சம் நீடிக்கிற வரைக்கும்தான் அந்த உரிமை. பைக் திரும்பி ஓட ஆரம்பித்த பிறகு முதுகில் சுட்டால் அது வேறு வழக்கு. நம் ஊர்க்காரர்கள் துப்பாக்கி பற்றிப் பேசும்போது சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தக் காட்சிதான்: “ஓடுறான் பாரு, டப்புனு ஒண்ணு வச்சிருக்கணும்.” அந்த ‘டப்’புக்குச் சட்டத்தில் இடமில்லை.

அந்த எல்லைக்குள் எத்தனை விநாடி இருந்தது என்பதுதான் மீதிக் கேள்வி. 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்றுநராக இருந்த டென்னிஸ் டூலர் ஒரு சோதனை செய்தார். கத்தியோடு ஓடி வரும் ஒருவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறான். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிவைத்துச் சுடப் பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கும் அதே அளவு நேரம் பிடிக்கிறது. அதுவும் சட்டைக்கு வெளியே தொங்கும் உறையிலிருந்து எடுப்பதற்கு. தாராவிச் சந்தின் அகலம் 21 அடியில் கால்பங்குகூட இருக்காது. மழை, ஒரு கையில் குடை, தோளில் பை, சட்டைக்கு அடியில் ரிவால்வர். பின்னால் வந்தவனை அவர் பார்க்கவே இல்லை. மூன்று பேரில் யாராவது ஒருவன் அந்த ரிவால்வரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்பது என் கணிப்பு. இதை அன்றே சொன்னேன். கையில் தையல் போட்டிருக்கும் மனிதருக்கு இதெல்லாம் காதில் ஏறாது.

உரிமம்

அவர் மனதில் இந்த எண்ணத்தை விதைத்தது கத்திக்காரன் மட்டும் இல்லை. மருமகன் டல்லாஸில் இருக்கிறார். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள பெரியவர்கள் தனி அனுமதி இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொண்டு நடமாடலாம். மாமனார் வெட்டுப்பட்ட செய்தி கேட்டதிலிருந்து அவர் வீடியோ வீடியோவாக அனுப்பினார்: எந்த உறை நல்லது, சட்டையை எப்படி விலக்குவது, காலையில் சாவி பர்ஸ் எடுப்பதுபோல் துப்பாக்கியையும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் எப்படி வரும். அந்த வீடியோக்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவை வேறொரு சட்டத்துக்குள் வாழ்கிறவர்களுக்குச் சொல்லப்பட்டவை. நியூயார்க்கில் துப்பாக்கியை வெளியில் கொண்டுபோகத் ‘தகுந்த காரணம்’ காட்ட வேண்டும் என்றிருந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 23 அன்று செல்லாது என்றது. அது அங்கே அரசியல் சாசன உரிமை. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி என்பது அரசு தரும் அனுமதி. கேட்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

அண்ணாச்சியிடம் காரணம் இருந்தது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், தொழிலின் தன்மையால் உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான பாதுகாப்புத் தேவை உள்ளவர்களுடைய விண்ணப்பத்தைப் பரிசீலிக்கலாம் என்கின்றன. எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சான்று, வருமான வரிக் கணக்குகள், பணப் புழக்கத்தைக் காட்டும் லெட்ஜர் எல்லாம் வைத்தோம். மாநகரங்களில் உரிமம் தரும் அதிகாரி போலீஸ் கமிஷனர். மும்பையில் கிராஃபோர்டு மார்க்கெட்டுக்கு எதிரே உள்ள கமிஷனர் அலுவலகம். உள்ளூர் போலீஸ் நிலையம் விசாரிக்கும், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், உடல், மனநலச் சான்று வேண்டும், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று வேண்டும், வீட்டில் எங்கே, எப்படிப் பூட்டி வைப்பீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விதியில் நாள்கணக்கு உண்டு. நாள்கணக்கு விதியில்தான் உண்டு.

நடுவில் ஒரு நண்பர், இவ்வளவு அலைச்சல் எதற்கு, உத்தரப் பிரதேசத்து கட்டா (கள்ள நாட்டுத் துப்பாக்கி) ஒன்று சில ஆயிரத்துக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி என்னிடம் கேட்டார். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்கே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தடைசெய்யப்பட்ட ரகமாக இருந்தால் குறைந்தது 7. சஞ்சய் தத் 1993இல் வைத்திருந்த துப்பாக்கிக்குச் சொன்ன காரணமும் குடும்பப் பாதுகாப்புதான். 1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரத்துக்குப் பிந்தைய பம்பாயில் அந்தப் பயம் பொய்யும் இல்லை. தாராவியில் அந்த இரண்டு மாதங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் உச்ச நீதிமன்றம் 2013 மார்ச்சில் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை உறுதி செய்து, சிறையை 6 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக மட்டும் குறைத்தது. பயம் உண்மை என்பதால் துப்பாக்கி சட்டபூர்வம் ஆகிவிடாது. அண்ணாச்சி கட்டாப் பேச்சை அன்றோடு விட்டுவிட்டார்.

உரிமம் 2023இல் வந்தது. சாதாரண மனிதர் வாங்கக்கூடியது .32 அல்லது .22 போன்ற ரகங்கள்தாம், 9 மி.மீ., .38 எல்லாம் தடைசெய்யப்பட்டவை. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி எண்பதுகளிலிருந்து பொதுமக்களுக்கு அடைபட்டுக் கிடப்பதால், பழைய வெளிநாட்டு ரிவால்வர்கள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, விலையும் லட்சங்களில். இவர் வாங்கியது கான்பூரில் செய்த .32 ரிவால்வர். ஆறு தோட்டா. 2014இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி ‘நிர்பீக்’ என்ற 500 கிராம் ரிவால்வரை வெளியிட்டார்களே, அதன் விலையே அப்போது ஒரு லட்சத்தைத் தாண்டியது. தனியாக பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் எத்தனை பேர் அதை வாங்கியிருக்க முடியும் என்று நான் யோசித்ததுண்டு.

கூடவே நடப்பது

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: இந்தியாவில் உரிமத் துப்பாக்கியை மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 2016 விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், உடலோடு அல்லது பைக்குள், முழுக்க மூடியபடி இருக்க வேண்டும். வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பொது இடத்தில் எடுத்துக் காட்டுவதே கண்டிப்பாகத் தடை. வட இந்தியக் கல்யாண வீடுகளில் வானத்தை நோக்கிச் சுடுகிறார்களே, அதற்கும் 2019இலிருந்து தனிக் குற்றப்பிரிவு வந்துவிட்டது. ஆக, ‘பார்த்தால் பயப்படுவான்’ என்ற கணக்கு தொடக்கத்திலேயே அடிபட்டுப் போகிறது. வெளியே தெரிந்தால் குற்றம். தெரியாவிட்டால் எவனும் பயப்பட மாட்டான்.

அண்ணாச்சியின் தினசரி வாழ்க்கை மாறியது. சட்டையை இன் பண்ணுவதை நிறுத்தினார். உறை இடுப்புக்குள் உரசி, வெயில் காலத்தில் தோல் சிவந்துவிட்டது. மும்பைக் காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால் வியர்வை பட்ட இடத்தில் துரு பிடிக்க ஆரம்பிக்கும். எண்ணெய்த் துணியால் துடைப்பது இரவு வேலையானது. எப்போதாவது ஒரு பீர் குடிப்பவர், துப்பாக்கி இருக்கும்போது குடிக்கக் கூடாது என்று நான் சொன்னதால் அதையும் விட்டார். மதினிக்கு (அண்ணாச்சியின் மனைவிக்கு) இந்த முழுக் கதையிலும் பிடித்த ஒரே பகுதி அதுதான்.

பிடிக்காதது மற்றதெல்லாம். மெட்ரோவில் ஆயுதம் கொண்டுபோக முடியாது. மால் வாசலில் மெட்டல் டிடெக்டர். கோர்ட்டுக்குள் முடியாது. சேடா நகர் முருகன் கோயிலுக்கு வேலை முடிந்து போகும் வழியில் நுழைவது அவர் வழக்கம். அரையில் ஆயுதத்தோடு சன்னிதியில் நிற்க அவருக்கே மனசு ஒப்பவில்லை. அப்படியானால் துப்பாக்கியை எங்கே வைப்பது? கார் டேஷ்போர்டில். உரிமம் வாங்கியவர்கள் செய்யும் காரியங்களில் மிக மோசமானது அதுதான். கார் கண்ணாடியை உடைக்க ஒரு ஸ்பார்க் பிளக் துண்டு போதும். அதன் பிறகு உங்கள் பெயரில் பதிவான துப்பாக்கி ஊருக்குள் யார் கையிலோ சுற்றும். இரண்டு மூன்று முறை அப்படி வைத்துவிட்டுக் கோயிலுக்குள் நிம்மதியில்லாமல் நின்றதாகச் சொன்னார். பிறகு கோயிலுக்குப் போவதையே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்.

பயிற்சி இன்னொரு விஷயம். சான்றிதழுக்காக ரேஞ்சில் சில தோட்டாக்கள் சுட்டார். அதோடு சரி. எத்தனை தோட்டா வாங்கலாம் என்று உரிமத்திலேயே அளவு போட்டிருக்கும்; விலையும் கையைக் கடிக்கும்; ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைக்க வேண்டும். டூலர் கணக்கில் வருகிறவர்கள் பயிற்சி பெற்ற போலீஸ்காரர்கள். அண்ணாச்சி போல வருஷத்துக்கு ஒருமுறைகூட ரேஞ்சுக்குப் போகாதவர்கள்தாம் நம் நாட்டு உரிமதாரர்களில் அதிகம் என்பது என் தொழில் அனுபவம்.

அப்புறம் தேர்தல். தேதி அறிவித்து நடத்தை விதிகள் வந்ததும், உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் நிலையத்திலிருந்து ஆள் வரும். எல்லாரையும் மொத்தமாக ஒப்படைக்கச் சொல்லக் கூடாது, ஒரு குழு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழு பரிசீலித்து விலக்குப் பெறுகிறவர்கள் வங்கிக் காவலர் போன்றோர். சாதாரண வியாபாரி கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்வதுதான் நடக்கிறது. 2024இல் மும்பைக்கு இரண்டு தேர்தல்: மே 20 மக்களவை, நவம்பர் 20 சட்டமன்றம். இரண்டுக்கும் நடத்தை விதிகள் இருந்த காலத்தைக் கூட்டினால் ஏறக்குறைய நான்கு மாதம். தினசரிப் பாதுகாப்புக்கு என்று வாங்கியது வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு போலீஸ் நிலைய அலமாரியில் இருக்கும் என்றால் அதை நம்பி எப்படி ஒரு பழக்கத்தை அமைத்துக்கொள்வது? அண்ணாச்சி விஷயத்தில் தேர்தலுக்கு முன்பே அது அங்கே போய்விட்டது.

இரண்டாவது சம்பவம்

2024 பிப்ரவரி மும்பையில் துப்பாக்கிச் செய்திகளின் மாதம். 2ஆம் தேதி உல்லாஸ்நகரில் ஒரு போலீஸ் நிலையத்துக்குள்ளேயே அரசியல் எதிராளியைச் சுட்டதாக பா.ஜ.க. எம்.எல்.ஏ. கணபத் கெய்க்வாட் கைதானார். 8ஆம் தேதி முன்னாள் கவுன்சிலர் அபிஷேக் கோசல்கர் ஃபேஸ்புக் நேரலையில் பேசிக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட மாரிஸ் நொரோன்ஹாவின் கையில் இருந்தது அவருடைய துப்பாக்கி இல்லை. அவருடைய மெய்க்காவலருக்கு உத்தரப் பிரதேசத்தில் உரிமம் தரப்பட்ட துப்பாக்கி. பாதுகாப்புக்கு என்று வீட்டுக்குள் வந்த ஆயுதம் பகைக்குப் பயன்பட்டது. மெய்க்காவலரையும் போலீஸ் கைது செய்தது.

அந்த மாதக் கடைசியில் ஒரு மாலை, சயானிலிருந்து தாராவிக்குத் திரும்பும் நெரிசலில் அண்ணாச்சியின் கார் ஒரு பைக்கின் கண்ணாடியில் உரசியது. பைக்கில் இரண்டு பையன்கள். அவர்களோடு வந்த இன்னொரு பைக்கில் இரண்டு பேர். பானெட்டில் தட்டினார்கள். கெட்ட வார்த்தை. இவரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை, திருநெல்வேலி மராட்டி கலந்து திருப்பிக் கொடுத்தார். ஒருவன் கதவைத் திறந்து சட்டையைப் பிடித்தான்.

அண்ணாச்சி காரிலிருந்து இறங்கினார். சட்டையின் கீழ் விளிம்பைத் தூக்கி, ரிவால்வரின் பிடியில் கையை வைத்தார். உறையிலிருந்து எடுக்கவில்லை. “தள்ளி நில்லு” என்று மட்டும் சொன்னதாக அவர் சொல்கிறார். சுட்டுவிடுவேன் என்றார் என்பது பையன்கள் தரப்பு. “கோடா ஹை, கோடா!” என்று யாரோ கத்த (மும்பைத் தெருமொழியில் கோடா என்றால் துப்பாக்கி), கூட்டம் விலகியது. பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒருவர் எல்லாவற்றையும் மொபைலில் எடுத்தார். இரவுக்குள் அந்த வீடியோ அந்த வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் இருந்தது. வீடியோவில் கதவைத் திறந்து சட்டையைப் பிடித்த பகுதி இல்லை. கை இடுப்பில் இருக்கும் பகுதி தெளிவாக இருந்தது.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் சம்பவத்தில் கத்தி இருந்தது, உரிமை இருந்தது, விநாடிகள் இல்லை. இரண்டாவதில் நேரம் தாராளமாக இருந்தது: வாய்த்தகராறு, கதவு, இறங்குதல், சட்டையைத் தூக்குதல். துப்பாக்கியை எடுக்கக் கை போக நேரம் இருந்ததற்குக் காரணமே, உயிருக்கு ஆபத்து அந்த அளவுக்கு நெருங்கவில்லை என்பதுதான். பழைய 99ஆம் பிரிவு, இன்றைய 37, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது. போலீஸின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே கிடையாது என்கிறது. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு 100ஐ அழுத்த அவருக்கு நேரம் இருந்தது. நகரத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நடந்தால், அது வெளியே வரப்போகும் தருணம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: எடுக்க நேரம் கிடைக்கும் தகராறு, எடுக்க அனுமதி இல்லாத தகராறு.

சட்டம் கோழையாக ஓடச் சொல்லவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரியில் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்பு உரிமையைப் பத்துக் கொள்கைகளாகத் தொகுத்துத் தந்தது. நிலத் தகராறு, தந்தையின் தலையில் அரிவாள் போன்ற ஆயுதத்தால் வெட்டு விழுந்ததும் மகன் தன் உரிமத் துப்பாக்கியால் சுட்டார், விடுதலையானார். ஆபத்தில் இருப்பவன் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்துப் பார்த்துத் திருப்பித் தர முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. கூட்டத்தில் குழந்தைகள் கலந்திருந்தாலும், உயிர் தப்ப வேறு வழியே இல்லாதபோது சுடலாம் என்று பழைய 106ஆம் பிரிவிலேயே உதாரணம் உண்டு. இவ்வளவு தூரம் போகிற சட்டம்தான், சட்டையைப் பிடித்த பையனுக்கு ரிவால்வரைக் காட்டுவதை ஏற்க மறுக்கிறது. தர்ஷன் சிங் வழக்கு நடந்தது திறந்த வயலில். அங்கே தூரம் இருந்தது, பார்வை இருந்தது. ஆள் நடமாட்டமில்லாத பண்ணை வீட்டில் இருக்கிறவருக்கு நான் வேறு ஆலோசனை சொல்வேன். தாராவி டி ஜங்ஷன் நெரிசலில் குறி தவறும் தோட்டா எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நோட்டீஸ்

மறுநாள் மிரட்டல் குற்றத்துக்கு 506ஆம் பிரிவு, ஆயுதச் சட்டத்தில் உரிம நிபந்தனை மீறலுக்கு 30ஆம் பிரிவு. துப்பாக்கியையும் தோட்டாக்களையும் கைப்பற்றி, ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொண்டார்கள். ஆறும் இருந்தன, பெட்டியில் இருந்தவையும் கணக்கில் சரியாக இருந்தன. அது அவரை நிறையக் காப்பாற்றியது. பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தது வியாபாரிப் புத்தி.

பையன்களோடு சமரசம் சிரமம் இல்லை. அவர்களில் ஒருவனுடைய அப்பா இவருக்குத் தெரிந்தவர். சங்கத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். சட்டையைப் பிடித்த பையன் “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க” என்று அவன் பங்குக்குச் சொன்னான். ஆனால் போலீஸின் உரிமக் கிளை இந்தச் சமரசத்தில் கட்சிக்காரர் இல்லை. ஆயுதச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, பொது அமைதிக்காகவோ நிபந்தனை மீறலுக்காகவோ உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்து செய்யலாம். ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. பதில் எழுதினோம்: முன்பு நடந்த கொள்ளை, கையில் தழும்பு, உறையிலிருந்து எடுக்கவில்லை, இத்தனை வயது வரை வழக்கு எதுவும் இல்லை. ரத்தானால் 18ஆம் பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது என்றும் அவருக்குச் சொல்லி வைத்தேன். விசாரணை தேர்தலோடு சேர்ந்து இழுத்தது.

முடிவை எடுத்தது கமிஷனர் அலுவலகம் இல்லை. அக்டோபர் 1 காலையில் டிவியில் நடிகர் கோவிந்தா செய்தி ஓடியது. ஜுஹு வீட்டில் விடியற்காலையில் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது கை தவறி வெடித்து, இடது காலில் குண்டு. உரிமத் துப்பாக்கிதான். அண்ணாச்சியின் பேரன் பள்ளி விடுமுறைக்கு வந்து அவர் வீட்டில்தான் இருப்பான். மதினி டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய்விட்டார்களாம். பதினொரு நாள் கழித்து பாந்த்ராவில் முன்னாள் அமைச்சர் பாபா சித்திக், போலீஸ் காவலர் உடன் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். பக்கத்திலேயே ஆயுதம் தாங்கிய காவலர் இருந்தும் முந்திக்கொள்ள முடியவில்லை என்பதை அண்ணாச்சியே என்னிடம் போனில் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, “எழுதும் தம்பி, நானே திருப்பிக் குடுத்துருதேன்னு எழுதும்” என்றார்.

தானாக ஒப்படைக்கும் மனுவைக் கொடுத்தோம். அனுமதி வாங்கி ரிவால்வர் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரிக்கு விற்கப்பட்டது. வாங்கிய விலையில் நல்ல பங்கு போயிற்று. விற்பனைப் பதிவும் உரிமத்தை நீக்கிய பதிவும் கைக்கு வந்த பிறகுதான் விட்டேன். பெயரில் ஒரு துப்பாக்கி எங்கோ தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

வசூல் முறையை மாற்றியது இதற்கெல்லாம் முன்பே ஆரம்பித்துவிட்டது. துப்பாக்கி போலீஸ் நிலையத்தில் கிடந்த மாதங்களில் வேறு வழியில்லாமல். பெரிய கடைகள் இப்போது வங்கி மூலம் அனுப்புகின்றன. சின்னக் கடைகள் யு.பி.ஐ. ரொக்கம்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் கிராஃபோர்டு மார்க்கெட் பழைய ஆட்கள் இருவர் பாக்கி. அவர்களிடம் கிழமை சொல்லாமல் போய், அங்கேயே பக்கத்து வங்கியில் கட்டிவிட்டு வருகிறார். கூலியும் கணக்கில் போகிறது. இதற்குக் கூலிக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், ஊரிலிருக்கும் வீட்டுக்காரிக்குத் தொகை தெரிந்துவிடுகிறதாம். 2022இல் அந்தப் பையன் விற்ற தகவல் சனிக்கிழமையும் சந்தும்தான். இப்போது விற்பதற்குத் தகவலே இல்லை.

வீடியோ வந்த பிறகு, விசித்திரமாக, என்னிடம் உரிமம் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பலருக்கு அதில் தெரிந்தது விலகிய கூட்டம்தான். ஆவணங்களைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன். உங்கள் கையில் எந்த நேரம் பணம் இருக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ராத்திரி துப்பாக்கி எந்த அலமாரியில், யாருடைய சாவியில் இருக்கும்? பாதிப் பேர் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போகிறார்கள், திரும்பி வருவதில்லை. மீதிப் பேருக்கு விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறேன், ஃபீஸும் வாங்கிக்கொள்கிறேன்.